கண்ணால படிச்ச இங்கிலீசும் அம்மான்ர ரெண்டரைப் பவுன் சங்கிலியும்

யாழ்ப்பாணத்தில இருந்து ஐயெல்ட்ஸ் எண்ட, வெளிநாட்டில படிக்கப் போறதுக்கு எடுக்கிற இங்கிலீஷ் சோதினையை எடுக்கப்போற ஆராவது இதை வாசிச்சா எனக்குச் சந்தோசம். எனக்கு முதல் எடுத்தவை ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லை, சொல்லியிருந்தா அம்மான்ர சங்கிலி அடகுக்குப் போகாமல் இண்டைக்கும் அவவின்ர கழுத்தில கிடந்திருக்கும். நான் இங்கிலீஷ் தெரியாத ஆள் இல்லை எண்டதை முதலே சொல்லிப்போடுறன். ஓஎல்லில இங்கிலீசுக்கு ஏ, கம்பசில நாலு வருசம் இங்கிலீஷ் மீடியம், ரிப்போர்ட் எழுதிறது, மெயில் போடுறது எல்லாம் இங்கிலீசில தான். பேப்பரை விரிச்சா ஒரு பக்கத்தை அஞ்சு நிமிசத்தில வாசிச்சு முடிப்பன். ஆனா அவ்வளவு இங்கிலீசும் கண்ணால மட்டும் தான் எனக்குள்ள போனது, காதால போனது சொட்டும் இல்லை. பெடியளோட கதைக்கிறது தமிழ், வீட்டில தமிழ், படம் பாத்தாலும் கீழ ஓடுற எழுத்தை வாசிச்சுத் தான் பாக்கிறது. எழுதியிருக்கிறதை எழுதியிருக்கிற மாதிரியே மனசுக்குள்ள வாசிச்சு வாசிச்சு, எனக்கெண்டு ஒரு தனி இங்கிலீசை நானே உருவாக்கி வச்சிருந்திருக்கிறன், அது எனக்கே தெரியாது.

இங்கிலாந்தில மாஸ்டர்ஸ் செய்யிறதுக்கு லெஸ்டர் எண்ட நகரத்தில இருக்கிற ஒரு யூனிவர்சிற்றிக்குப் போட்டனான். ஐயெல்ட்ஸில 9க்கு மொத்தமா 6.5 வேணும், லிசினிங் (கேக்கிறது), ரீடிங் (வாசிக்கிறது), ரைட்டிங் (எழுதிறது), ஸ்பீக்கிங் (கதைக்கிறது) எண்ட நாலில ஒண்டும் 6க்குக் கீழ போகக்கூடாது எண்டு நிபந்தனையோட இடம் தந்தவை. அந்த நகரத்தின்ர பேரை எழுத்துக்கூட்டிப் பாத்தா லீ-செஸ்-ரர் எண்டு தான் வரும், எனக்கு அலுவல் பாத்துத் தந்த ஏஜென்ட் அண்ணையும் அப்பிடித்தான் சொல்லுவார். ஒருநாள் பின்னேரம் வெளிநாட்டு நம்பரில இருந்து ஒரு பொம்பிளை எடுத்து "லெஸ்டரில இருந்து கதைக்கிறன்" எண்டு இங்கிலீசில சொன்னா. எனக்கு லெஸ்டர் எண்டு ஒருத்தரையும் தெரியாது, ஏதோ ஏமாத்துக்காரர் காசடிக்கப் பாக்கினம் எண்டு நினைச்சு, மரியாதையா ரோங் நம்பர் எண்டு சொல்லி வச்சிட்டன். பிறகு மெயில் வந்தாப் பிறகு தான் விளங்கினது. இப்ப சிரிக்கிறன், ஆனா அண்டைக்கே எனக்கு உறைச்சிருக்கோணும், உறைக்கேல்லை.

ரவுனில ஒரு கிளாசில சேர்ந்தன், மூண்டு மாசம், 35 ஆயிரம். கிளாசைக் குறை சொல்லுறதுக்கு எழுதேல்லை, ஆனா நடந்ததைச் சொல்லோணும். கட்டுக்கட்டா போட்டோகொப்பி, பழைய பேப்பர், ஆயிரம் சொல்லு இருக்கிற லிஸ்ட். சேர் போர்ட்டில எழுதுவார், நாங்கள் கொப்பியில எழுதுவம். மூண்டு மாசத்தில லிசினிங் ஓடியோ போட்டது நாலோ அஞ்சோ தரம், அதுவும் ஐம்பது பேர் இருக்கிற மண்டபத்தில ஒரு சின்ன ஸ்பீக்கரில. நீங்கள் கிளாசுக்குக் காசு கட்டமுதல் கேக்கவேண்டிய கேள்வி ஒண்டே ஒண்டு தான், கிழமைக்கு எத்தினை மணித்தியாலம் வெள்ளைக்காரன் கதைக்கிறதைக் கேக்க வைப்பியள், எத்தினை நிமிசம் என்னைத் தனியக் கதைக்க வைப்பியள் எண்டு. பதில் இழுபட்டா வாசலோட திரும்புங்கோ.

முதல்தரம் கொழும்பில எடுத்தன். ராத்திரி பஸ், விடிய வெள்ளவத்தையில இறங்கி ஒரு அறை. லிசினிங்கில நாலு பகுதி, நாப்பது கேள்வி, ஓடியோ ஒரேயொருக்கா தான் ஓடும். முதல் பகுதி சும்மா ரெலிபோனில கதைக்கிறது, பேர், விலாசம், நம்பர் எழுதோணும், எல்லாரும் அதை லேசு எண்டு தான் சொல்லுவினம். நான் அதிலேயே விழுந்தன். அதில ஒரு ஆள் தன்ர பேரை எழுத்து எழுத்தாச் சொல்லுறான், ஜீயா ஜேயா எண்டு யோசிச்சு முடிய அவன் ரெலிபோன் நம்பருக்குப் போட்டான். ஒஸ்ரேலியாக்காரர் ஏ எண்டு சொல்லேக்க எங்கட காதுக்கு ஐ மாதிரித் தான் கேக்கும், அதையும் ஐ எண்டே எழுதி வச்சன். பேந்து ஒரு கடையின்ர வரைபடம், "ரெண்டாவது ஐல்" எண்டு கேக்குது. ஐல் எண்டா என்ன? தீவு எண்டு நினைச்சன், கடைக்குள்ள எங்கால தீவு வந்தது எண்டு முழிச்சுக்கொண்டு இருக்க மூண்டு கேள்வி போட்டுது. வீட்ட வந்து பாத்தா அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச சொல்லு, ஏ-ஐ-எஸ்-எல்-ஈ, ராக்கைகளுக்கு நடுவில நடக்கிற பாதை. நான் அதை இருபது வருசமா "ஐஸில்" எண்டு வாசிச்சுக்கொண்டு இருந்தனான். கேட்ட சத்தமும் தெரிஞ்ச எழுத்தும் மண்டைக்குள்ள வேற வேற அலுமாரியில கிடந்தா இது தான் நடக்கும், ரெண்டும் உங்களிட்ட இருக்கும், ஆனா ஒண்டை ஒண்டு சந்திக்காது. கம்ஃபர்ட்டபிள், வெஜிடபிள், டெம்பரேச்சர் எண்டு நாங்கள் நீட்டி முழக்கிறதை எல்லாம் அவையள் கம்ஃப்டபிள், வெஜ்டபிள், டெம்ப்ரிச்சர் எண்டு பாதியை விழுங்கிப்போட்டுப் போயிடுவினம்.

ஸ்பீக்கிங் அதைவிட மோசம். உங்கட ஊரில இருக்கிற ஒரு முக்கியமான கட்டடத்தைப் பற்றிச் சொல்லு எண்டு கார்ட் வந்தது. எனக்குள்ள ஒரே புழுகம், யாழ்ப்பாணத்தானுக்கு இதைவிட லேசான கேள்வி வேற இல்லை, எங்கட பொது நூலகம். 1981இல எரிச்சது, 97 ஆயிரம் புத்தகம் போனது, பழைய ஓலைச்சுவடி எல்லாம் சாம்பலானது, திருப்பிக் கட்டினது, எல்லாம் சொன்னன். சொன்னன் எண்டு தான் நான் நினைச்சன். ஓலைச்சுவடிக்கு "பால்ம் லீஃப்" எண்டு எல் எழுத்தை அழுத்திச் சொன்னன். பனைக்குள்ள பிறந்து வளர்ந்தவன் நான், அந்த எல்லுக்குச் சத்தமே இல்லை எண்டது எனக்குத் தெரியாது. கட்டடக்கலைக்கு "ஆர்ச்சிடெக்சர்" எண்டு சொன்னன், அது ஆர்க்கிடெக்சர். எங்கட ஆக்கள் படிப்புக்காக என்னவும் செய்வினம் எண்டு காட்ட அம்மா சங்கிலியை அடகு வச்ச கதையையும் சொன்னன். அடகு வைக்கிறதுக்கு பீ-ஏ-டபிள்யூ-என். ரவுன், பிறவுன் எல்லாம் மனசில ஓட, நான் அதைப் "பவுன்" எண்டு சொன்னன். சோதினை எடுத்த மனுசி எப்பன் நேரம் என்னைப் பாத்தா, "உங்கட அம்மா சங்கிலியை என்ன செய்தவ?" எண்டு திருப்பிக் கேட்டா. நான் திருப்பியும் இறந்தகாலத்தில "பவுண்ட்" எண்டன், அந்தச் சத்தத்துக்கு இங்கிலீசில இடிக்கிறது எண்டும் ஒரு அர்த்தம். அம்மா சங்கிலியை உரலில போட்டு இடிச்சவ எண்டு அவ விளங்கிக்கொண்டாவோ என்னவோ. கடனுக்குச் சொல்லுற debt எண்ட சொல்லில சத்தமில்லாத பீயையும் (b), ரசீதுக்குச் சொல்லுற receipt எண்ட சொல்லில சத்தமில்லாத மற்றப் பீயையும் (p) (எங்களுக்கு ரெண்டும் ஒரு பீ தானே) வடிவா அழுத்திச் சொன்னது தனி. வெளியில வரேக்க நான் நல்லாச் செய்ததெண்டு தான் நினைச்சன், அது தான் இதில பெரிய கொடுமை. பிழை எண்டு உங்களுக்கே தெரியாது.

ரீடிங் 7.5, ரைட்டிங் 6, லிசினிங் 5.5, ஸ்பீக்கிங் 5.5. கூட்டிப் பிரிச்சு 6. ரிசல்ட்டைப் பாத்துப்போட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டு நாள் கிடந்தன். ஆரோ ஒருத்தன் திருப்பித் திருத்தச் சொல்லிக் கேள், கூடும் எண்டான். ஆறு கிழமைக்குள்ள கேக்கலாம், மாறினா கட்டின காசு திரும்பி வரும். கட்டினன், காத்திருந்தன், ஒண்டும் மாறேல்லை, அந்தக் காசும் போய், செப்டெம்பரில படிப்புத் தொடங்கிற இன்டேக்கும் போச்சு. அரை புள்ளி தான் குறைவு, ரைட்டிங் திருத்தினதில சந்தேகம் எண்டா கேளுங்கோ, ஆனா லிசினிங்கில சரி பிழை எண்டு ரெண்டு தானே, அங்க கேட்டுக் கூடுறது அரிது. ஒரு பகுதியை மட்டும் திருப்பி எடுக்கிற முறை ஒண்டும் இருக்கு, ஆனா எனக்கு விழுந்தது ரெண்டு.

அதுக்குப் பிறகு தான் எங்கட ஒழுங்கையில இருக்கிற ரீச்சரிட்டப் போனன். எழுபது வயசுக்கு மேல, பழைய மிசன் பள்ளிக்கூடத்தில படிச்சு, பிறகு முப்பது வருசம் இங்கிலீஷ் படிப்பிச்சவ. சின்னனில இருந்து கும்பிட்டுப்போட்டுப் போற ஆள், ஒருநாளும் உதவி கேக்கத் தோணேல்லை. "தம்பி, இதைச் சத்தமா வாசியும்" எண்டு ஒரு இங்கிலீஷ் பேப்பரை நீட்டினா. ஒரு பத்தி தான் வாசிச்சன், பென்சிலால பதினேழு இடத்தில புள்ளடி போட்டா. நான் குனிஞ்சுகொண்டு இருக்க, அலுமாரியைக் காட்டி, வின்சுலோ பாதிரியார் 1862இல போட்ட தமிழ் இங்கிலீஷ் அகராதி தெரியுமோ எண்டு கேட்டா, அந்த வேலையை முதல் தொடக்கினது எங்கட நல்லூரில இருந்த நைட் பாதிரியார். "அவற்ற பேர் கேயில தொடங்கும், அதை நீர் சொல்லுறேல்லை. ஏன் சொல்லுறேல்லை?" எண்டா. சின்னனில ஆரோ சொல்லித் தந்தது எண்டன். "பாமுக்கு எல் இல்லை எண்டு ஆர் சொல்லித் தந்தது?" ஒருத்தரும் இல்லை ரீச்சர். "அவ்வளவு தான் உம்மட பிரச்சினை. உமக்கு மூளை குறைவில்லை, சொல்லித் தர ஆள் இல்லை." சத்தியமாச் சொல்லுறன், ரெண்டு மாசத்தில முதல்தரம் அண்டைக்குத் தான் நெஞ்சு எப்பன் லேசானது.

ஏன் இப்பிடி ஒரு கோணல் எண்டதையும் அவ தான் சொன்னவ, அது தெரிஞ்சாப் பிறகு எனக்கு இங்கிலீசில இருந்த கோவம் குறைஞ்சிட்டுது. அந்தக் கேயை ஒரு காலத்தில அவையள் உண்மையாவே சொன்னவை தான். 1476இல கக்ஸ்டன் எண்ட ஆள் இங்கிலாந்துக்கு அச்சுயந்திரம் கொண்டு வந்தார், அச்சில ஏற ஏற எழுத்து மெல்ல மெல்ல உறைஞ்சு போச்சு, ஆனா வாய் நிக்கேல்லை. கிட்டத்தட்ட 1400இல இருந்து 1700 வரைக்கும் அவையளின்ர நெட்டுயிர் எல்லாம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பேருக்கு என்-ஏ-எம்-ஈ எண்டு எழுதிறம் தானே, அதை ஒரு காலத்தில "நாம" எண்ட மாதிரித் தான் சொன்னவையாம், எங்கட நாமம் மாதிரியே. பிறகு சத்தம் "நேம்" ஆச்சு, எழுத்து அங்கயே நிண்டிட்டுது. அதுக்கு மேல படிச்ச ஆக்கள் செய்த வேலை வேற. கடன் எண்ட சொல்லு பிரெஞ்சில இருந்து வரேக்க பீ இல்லை, லத்தீன் மூலத்தில பீ இருக்கு எண்டு காட்டுறதுக்காகப் பிறகு கொண்டுவந்து செருகினவை, ஒருத்தரும் ஒருநாளும் சொல்லாத எழுத்து. தீவு எண்ட ஐலண்டில இருக்கிற எஸ்ஸும் அப்பிடி ஆரோ பிழையாச் சொந்தம் கொண்டாடிப் போட்டது தான். அப்ப நான் ஸ்பீக்கிங்கில அழுத்திச் சொன்ன பீ எல்லாம் எவனோ ஒரு பண்டிதர் படம் காட்டப் போட்டது. எங்கட பண்டிதர்மார் பரவாயில்லை.

நாங்கள் ஏன் இதில கூட விழுறம் எண்டா தமிழ் எங்களுக்கு வேற பழக்கம் பழக்கி வச்சிருக்கு. தமிழிலயும் ஒரு எழுத்துக்குக் கனக்கச் சத்தம் இருக்கு தான், பக்கம், பங்கு, மகன் மூண்டிலயும் க ஒண்டு, சத்தம் மூண்டு. ஆனா அது இருக்கிற இடத்தைப் பாத்தாச் சத்தம் தெரிஞ்சிடும், அ ஆ படிச்ச பிள்ளை அர்த்தம் விளங்காட்டிலும் தேவாரத்தைப் பிழையில்லாமல் வாசிச்சுப்போடும். அந்த நம்பிக்கையோட இங்கிலீசுக்குப் போனா 26 எழுத்து, 44 சத்தம் எண்டு கணக்குச் சொல்லுகினம், எங்க முட்டும் எண்டு தெரியாது. ஓ-யூ-ஜி-எச் எண்ட நாலெழுத்து மட்டும் தோ, த்ரூ, டஃப், கொஃப், தோட் எண்டு ஒவ்வொரு சொல்லிலயும் ஒவ்வொரு வேசம் போடும்.

இப்ப நான் செய்ததைச் சொல்லுறன். முதலாவது, புதுச் சொல்லு எதையும் சத்தம் கேக்காமல் மனசில ஏத்திறதில்லை எண்டு முடிவெடுத்தன். போனிலயே இருக்கிற ஒன்லைன் அகராதிகளில ஒலிபெருக்கிப் படத்தை அமத்தினா பிரிட்டிஷ், அமெரிக்கன் ரெண்டும் சொல்லும், இலவசம் தான். புதுச் சொல்லைவிடத் தெரிஞ்ச சொல்லுகள் தான் ஆபத்து, நானே தெரியும் எண்டு நினைச்ச முந்நூறு சொல்லை எழுதி ஒவ்வொண்டாக் கேட்டதில தொண்ணூறுக்கு மேல பிழை. வென்ஸ்டே (புதன்கிழமை), ஸெமன் (ஒரு மீன், அதிலயும் எல் இல்லை), ஸோட் (வாள்), கேர்ணல் (ராணுவப் பதவி), கியூ (வரிசை) எல்லாம் அதுக்குள்ள. இன்னொரு கூத்து, பாம் எண்டதுக்கு எல் இல்லை எண்டு கஸ்டப்பட்டுப் பழகினாப் பிறகு பாத்தா, பனைக்கு முழுப் பேரான பல்மைறாவில எல் இருக்கு. அழுறதோ சிரிக்கிறதோ தெரியேல்லை. அதால ஒண்டை வச்சு இன்னொண்டை ஊகிக்காதேங்கோ, கேளுங்கோ.

கொப்பியில தமிழில எழுதி வைச்சன், அது உதவி தான், ஆனா ஒரு எல்லை வரைக்கும் தான். ஃபேனையும் பேனையும் தமிழில ஒண்டா எழுதினா ஒண்டாத் தான் வாயில வரும், ஸெட்டும் எஸ்ஸும் அப்பிடியே. முக்கியமா எந்த அசையை அழுத்திறது எண்டு தமிழெழுத்துக் காட்டாது. போட்டோகிராஃப் எண்டா முதல் அசை, போட்டோகிராஃபி எண்டா ரெண்டாவது அசை, "ஃப-டொ-க்ர-ஃபி" எண்டு ஆளே மாறிடும். அழுத்தாத அசை எல்லாம் ஒரு மங்கல் "அ"வாப் போயிடும், அகராதியில அதைத் தலைகீழாப் போட்ட இங்கிலீஷ் சின்ன ஈ (e) மாதிரி ஒரு குறியால போட்டிருப்பினம். அந்தக் குறியையும், அழுத்தத்துக்குப் போடுற சின்னக் கோட்டையும் மட்டும் படிச்சாலே பாதி அலுவல் முடிஞ்சுது, மிச்சக் குறி எல்லாம் பாடமாக்கத் தேவையில்லை. நான் அழுத்தத்துக்குக் கொப்பியில சிவப்புப் பேனையால கோடு போட்டன். இறந்தகாலத்துக்கு வாற ஈ-டீயும் அப்பிடி, எல்லாத்துக்கும் "எட்" போடுறது எங்கட பழக்கம், வேர்க்ட், லிவ்ட், வோன்டிட் எண்டு மூண்டு விதம், ரீ (t) அல்லது டீ (d) சத்தத்தில முடியிற வினைக்கு மட்டும் தான் தனி அசை. இதை மட்டும் திருத்த எனக்கு ஒரு மாசம் போச்சு.

ரீச்சர் சொன்ன ஒண்டு எனக்குச் சரியான ஆச்சரியம். எங்கட பழைய ஆக்கள் சொல்லுற சிற்றி, பற்றறி, கொலிஜ், ஹொஸ்பிற்றல் எல்லாத்தையும் நாங்கள் பட்டிக்காடு எண்டு வெக்கப்பட்டு, யூடியூபில இந்தியாக்காரர் சொல்லுறதைப் பாத்து சிட்டி, பேட்டரி, காலேஜ் எண்டு மாத்தினம். ஆனா நாக்கை மேல்முரசில வைச்சுச் சொல்லுற எங்கட ற்ற தான் இங்கிலீஷ் ரீக்குக் கிட்ட, நாக்கை மடிக்கிற ட இல்லை. எங்கட ஒ-வும் பிரிட்டிஷ் சத்தத்துக்குத் தான் கிட்ட. அம்மம்மா சொல்லுற "ஹொஸ்பிற்றல்" என்னைவிடத் திறம். மற்றப் பக்கம், எங்களிட்டயும் குற்றம் இருக்கு, ட்ட எண்ட சத்தத்துக்கு ரெண்டு டீ போட்டு வட்டுக்கோட்டையை எழுதி வச்சிருக்கிறம், லண்டனில பிறந்த என்ர மச்சாளின்ர பிள்ளை அதை "வாடுகொடாய்" எண்டு வாசிக்குது, பாவம் அதுகள் என்ன செய்யும்.

ஒவ்வொரு நாளும் காலமை அரை மணித்தியாலம் பிபிசி வேர்ல்ட் சேர்விஸ், அதில ஒரு நிமிசத்தைப் பிடிச்சு நிப்பாட்டி நிப்பாட்டி எழுதிறது, பிறகு அதே ஆளோட சேர்ந்து சொல்லிப் போனில பதிஞ்சு கேக்கிறது. என்ர குரலைக் கேக்க முதல் கிழமை வாந்தி வாற மாதிரி இருந்தது, தாங்கிக்கொள்ளுங்கோ. பேர் விலாசம் எழுத்தெழுத்தாச் சொல்லிறதைத் தனியாப் பழகுங்கோ, தங்கச்சி இருந்து சொல்ல நான் எழுதுவன், ஜீ ஜே, ஏ ஈ ஐ, பீ வீ, எம் என், "டபிள் எல்" எண்டா எல் ரெண்டு. லிசினிங்கில சரியாக் கேட்டும் எழுத்துப் பிழைச்சாப் புள்ளி இல்லை, அதால அக்கமடேசன், ரெஸ்ரோரன்ட், பெப்ரவரி மாதிரிச் சொல்லுகளை மட்டும் பழைய முறையில எழுதி எழுதிப் பாடமாக்கினன். எழுத்தை விடச் சொல்லேல்லை நான், எழுத்தையும் சத்தத்தையும் ஒரே நாளில ஒண்டாப் படியுங்கோ எண்டு தான் சொல்லுறன்.

அஞ்சு மாசத்துக்குப் பிறகு திருப்பி எடுத்தன். லிசினிங் 7, ரீடிங் அதே 7.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 6.5, மொத்தம் 7. கிளாஸ், ரெண்டு தரம் பரீட்சை, ரெண்டு தரம் கொழும்பு, திருத்தச் சொன்ன காசு எல்லாம் கூட்டினா ரெண்டு லட்சத்து நாப்பதாயிரத்துக்குக் கிட்ட, அதோட ஒரு இன்டேக். ரீச்சருக்குக் காசு குடுக்கப் போனன், ஏசிக் கலைச்சுப்போட்டா, பேந்து மாம்பழம் கொண்டுபோய்க் குடுத்தன்.

ரெண்டாம்தரம் ஸ்பீக்கிங்கில கட்டடம் வரேல்லை, சாப்பாடு தான் வந்தது, பனங்கிழங்கு மாவில காய்ச்சிற ஒடியல் கூழைப் பற்றிச் சொன்னன். அதில பாமும் வந்தது பல்மைறாவும் வந்தது, ரெண்டையும் சரியாச் சொன்னன். வீட்ட வந்து அம்மாக்கு அதைச் சந்தோசத்தில சொல்லிக் காட்ட, அவ "என்னடா குண்டைப் பற்றியே கதைச்சனி?" எண்டு கேக்கிறா. சங்கிலி இன்னும் வங்கியில தான் கிடக்குது, போன கிழமையும் போய் வட்டி கட்டிப்போட்டு வந்தனான்.